பேய்ப்படம்தான் எடுப்பேன் என்கிற மகளுக்குக் கேமரா வாங்கித் தரலாமா?

இப்போதைக்கு வேண்டாம். படம்பிடிக்கக் கைபேசி போதும். அந்தப் பணத்தில் நல்ல மைக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் வாங்கிக் கொடுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கொரகொரத்தால் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிடும்.

படம்பிடிக்கிற ஒவ்வோர் அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து, 30 விநாடி அறையின் வெற்று ஒலியைப் பதிவு செய்யட்டும். திடுக்கிட வைக்கும் கணத்துக்கு முன்னால் வருகிற அமைதி உண்மையில் இந்த ஒலிதான். முற்றிலும் ஒலியை அறுத்துவிட்டால் ஸ்பீக்கர் பழுதோ என்றுதான் தோன்றும்.

இருட்டிலும் இதே கதைதான். விளக்கை அணைத்துவிட்டுப் படம்பிடித்தால் கேமரா வெளிச்சத்தை வலிந்து கூட்டும், திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரு விளக்கு வைத்துப் பிடித்துவிட்டு, பிறகு கணினியில் செய்கிற நிறத்திருத்தத்தில் இருட்டாக்க வேண்டும்.

நட்சத்திரம் இல்லாமல் புதியவர் நுழைய வழியுள்ள வகை இது. டேவிட் சாண்ட்பெர்க் 2013இல் மனைவியை நடிக்க வைத்து எடுத்த 'லைட்ஸ் அவுட்' மூன்று நிமிடம்கூட இல்லை. இணையத்தில் பரவி, 2016இல் அவர் இயக்கத்திலேயே முழுநீளப் படமானது. ஜேம்ஸ் வானும் லீ வானெலும் 'சா' (Saw) என்ற திகில் படத்தின் திரைக்கதையிலிருந்து ஒரு காட்சியை மட்டும் குறும்படமாக எடுத்துத் தயாரிப்பாளர்களிடம் காட்டினார்கள். படம் 2004இல் வந்தது. கவனியுங்கள், திரைக்கதை முன்பே கையில் இருந்தது. குறும்படம் பிடித்துப்போன தயாரிப்பாளர் அடுத்துக் கேட்பது 'முழுக்கதை இருக்கிறதா?' என்றுதான். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் 90 முதல் 100 பக்கம் தயாராக இல்லாவிட்டால், எழுதி முடிப்பதற்குள் அவர் வேறொருவரிடம் போயிருப்பார். ஆகவே எழுத்துக்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

ஸ்பெயினின் சிட்ஜஸ், மாண்ட்ரியலின் ஃபாண்டேசியா, கொரியாவின் புச்சான் ஆகியவை இவ்வகைப் படங்களுக்கு இடம் தருகிற விழாக்கள். சில விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வெளியானதை ஏற்பதில்லை என்பதால், விதியைப் படித்த பிறகே பதிவேற்றட்டும்.

திரைப்படக் கல்லூரி கட்டாயமில்லை. போனால் கூட்டாளிகள் கிடைப்பார்கள். வருமானத்துக்குப் படத்தொகுப்பைக் கற்றுக்கொள்வது நல்லது. முதல் படம் அமையப் பல ஆண்டுகள் ஆகலாம், அதுவரை சோறு போடும். எந்த நொடியில் வெட்டினால் பயம் வருகிறது என்பதும் அந்த மேசையில்தான் பிடிபடும்.

நடிப்பவர் நெருங்கிய தோழியே ஆனாலும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைத்த பாட்டை, எழுத்தில் அனுமதி இல்லாமல் பின்னணியில் போட வேண்டாம். படத்தை யாராவது வாங்க வரும்போது முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.