நரம்புச் செல்லின் மேற்பரப்பு எப்படி அமையும் என்பதைச் சுற்றியிருக்கும் செல்கள் தீர்மானிக்குமா?

தீர்மானிக்கும், பெரும் அளவுக்கு. மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலமான மையலின் உறை பற்றிய பாடம் வந்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்.

மின்கம்பிமேல் ரப்பர் உறை மாதிரி என்றுதான் பாதிப் பேர் படித்துவிட்டு வருகிறார்கள். அந்த உவமை எனக்குப் பிடிக்காது. ரப்பரை உரித்தாலும் உள்ளே இருக்கும் செம்பு அப்படியேதான் இருக்கும். ஆக்ஸான், அதாவது நரம்புச் செல்லிலிருந்து நீளும் இழை, அப்படி இல்லை, உறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மேற்பரப்பான சவ்வே மாறிவிடும்.

கை கால் நரம்புகளில் உறையைச் சுற்றுவது ஷ்வான் செல். இரண்டு உறைகளுக்கு நடுவே சுமார் ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளி விடும், அதுதான் ரான்வியர் கணு. ஷ்வான் செல் அந்த இடத்தில் கிளியோமெடின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது ஆக்ஸான் சவ்வில் உள்ள நியூரோஃபாசின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ள, உள்பக்கம் அன்கிரின்-ஜி என்ற இன்னொரு புரதம் வந்து சேர்ந்து, சோடியத்தை உள்ளே விட்டு மின் சமிக்ஞையைக் கிளப்பும் சோடியம் கால்வாய்களை அங்கேயே கட்டிப்போடுகிறது. பொட்டாசியம் கால்வாய்களில் ஒரு வகை சற்றுத் தள்ளி, உறைக்கு அடியில் ஒதுங்கிவிடும். கால்வாய்களைத் தயாரிப்பது நரம்புச் செல்தான், ஆனால் அவை எங்கே குவியவேண்டும் என்பதில் பக்கத்துச் செல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது கண்ணைத்தான். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் ஆக்ஸான், விழித்திரைக்குள் உறையே இல்லாமல் ஓடுகிறது. கண்ணின் பின்சுவரைத் தாண்டியதும் உறை ஆரம்பித்துவிடும். (இங்கே உறை போடுவது ஷ்வான் செல் அல்ல, ஒலிகோடெண்ட்ரோசைட்.) உறையில்லாத பகுதியில் என்ஏவி 1.2 என்ற சோடியம் கால்வாய் நீளம் முழுக்கப் பரவியிருக்கும். உறையுள்ள பகுதியிலோ என்ஏவி 1.6 கணுக்களில் மட்டும் நெருக்கமாகக் குவிந்திருக்கும். ஒரே செல், ஒரே இழை, சில மில்லிமீட்டருக்குள் இரண்டு விதமான மேற்பரப்பு! அப்புறம், சிலருக்கு இந்த உறை விழித்திரைக்குள்ளும் கொஞ்சம் வந்துவிடும். கண் மருத்துவர் பார்த்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பெரும்பாலும் தொந்தரவு இருக்காது.

சரி, உறை போய்விட்டால்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மையலின் உறையைத் தாக்கும் நோய்) பார்வை நரம்பு அழற்சி வந்து உறை கரையும்போது பார்வை மங்குகிறது. பலருக்கு அது சில வாரங்களில் ஓரளவு திரும்பிவிடும். வீக்கம் வடிவது ஒரு காரணம்; உறை இழந்த இடத்தில் சோடியம் கால்வாய்கள் பரவி, சமிக்ஞையை மறுபடி கடத்துவது இன்னொரு காரணம். ஆனால் வேகம் பழையபடி வருவதில்லை. கண்ணெதிரே கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டி மூளையின் மின்னலையைப் பதிந்தால், சுமார் 100 மில்லிவினாடியில் வரவேண்டிய அலை, பார்வை தேறிய பிறகும் தாமதமாகவே வரும்.