சோதனைக்கும் அழிப்புக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

ரஸ்ட் மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். சர்வரில் பயனர்கள் விட்டுச்செல்லும் தற்காலிகக் கோப்புறைகளை இரவில் அழிப்பது அதன் வேலை. ரூட் அதிகாரத்தில், அதாவது சர்வரின் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. அழிக்கப்போவது சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் பெயர்) இல்லை என்று சோதித்த பிறகே, கோப்புறையை உள்ளே இருப்பவற்றோடு அழிக்கும் ரிமூவ்_டிர்_ஆல் என்ற நூலகச் செயலை அழைக்கிறேன். அந்தச் சோதனையால் பயனில்லை என்கிறார் நண்பர். ஏன்?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வது சரி. சோதித்ததற்கும் அழிப்பதற்கும் நடுவே கிடக்கும் இடைவெளியில்தான் வினை இருக்கிறது.

யூனிக்ஸில் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்புறை என்பது பெயர்களின் பட்டியல். ஒரு பெயர் எதைச் சுட்டுகிறது என்பதை, அந்தப் பட்டியலில் எழுதும் அனுமதி உள்ளவர் எந்தக் கணத்திலும் மாற்றலாம். உங்கள் நிரல் 'பழையது' என்ற பெயரைப் பார்க்கிறது. கோப்புறைதான். நிரல் அழிக்கத் தொடங்குமுன் பயனர் அதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, 'பழையது' என்ற பெயரிலேயே, கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் /எட்சியைச் சுட்டும் சிம்லிங்க் ஒன்றை வைத்துவிடுகிறார். உங்கள் நிரல் அதன் வழியே உள்ளே இறங்கி, ரூட் அதிகாரத்தோடு /எட்சியைத் துடைத்துவிடுகிறது. ஒருமுறை நேரம் தவறினால் என்ன, அவர் ஒரு லூப் போட்டு ஆயிரம் முறை முயலலாம்.

இந்த ஓட்டை ரஸ்டோடு வரும் நூலகத்திலேயே 1.0 பதிப்பு முதல் 1.58.0 வரை இருந்தது. நூலகமும் உங்களைப் போலவே பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. 2022 ஜனவரியில் பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2022-21658 என்ற எண்ணுடன் அறிவித்து, 1.58.1 பதிப்பில் திருத்தினார்கள். அழைப்பதற்கு முன் நாமே சோதித்துக்கொள்வது காப்பாற்றாது, அந்தச் சோதனைக்கும் இதே இடைவெளி உண்டு என்று அந்த அறிவிப்பே எச்சரித்தது.

திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது நூலகம் பெயரை நம்புவதில்லை. சிம்லிங்க்கைப் பின்தொடராதே என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் சொல்லியே கோப்புறையைத் திறக்கிறது. சோதனையும் திறப்பும் ஒரே செயலாகிவிடுகின்றன. திறந்து கையில் பிடித்த அந்தக் கோப்புறையிலிருந்தே அன்லிங்க்ஏட் என்ற கெர்னல் அழைப்பைக் கொண்டு உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக நீக்குகிறது. வெளியே பெயரை யார் மாற்றினாலும் பிடி மாறாது.

ஆனால் இந்தக் காவல் நீங்கள் கொடுக்கும் பாதையின் கடைசிப் பெயருக்கும் அதன் கீழே உள்ளவற்றுக்கும்தான். நடுவில் வரும் கோப்புறை பயனரின் கைக்குள் இருந்தால், அதை மாற்றி உங்களைத் திசைதிருப்ப இன்னும் வழி உண்டு. ஆகவே முடிந்தால் ரூட்டை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பயனரின் கோப்புறையையும் அந்தப் பயனரின் அடையாளத்திலேயே அழியுங்கள். ஏமாற்றினாலும் அவர் தன் கோப்புகளைத்தான் இழப்பார்.

இன்னொன்று. ரஸ்டின் நூலகம் வழக்கமாக நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, நிரலை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். சர்வரில் ஓடுவது பழைய கம்பைலரில் உருவானது என்றால், இன்றிரவு அதை நிறுத்தி வையுங்கள்.

அன்புடன்