தெளிந்த வானம், ரேடாரில் மழை: எதை நம்புவது?

கேள்வி: மார்ச் மாத விடியற்காலையில் சென்னை ரேடார் படத்தைப் பார்த்தால் கடல்மேல் திட்டுத் திட்டாக நிறம் தெரிகிறது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு மேகம்கூட இல்லை. சில நாள் நடுவிலிருந்து ஓரம்வரை நேர்க்கோடு ஒன்றும் விழுகிறது. தினமும் டூவீலரில் வேலைக்குப் போகிறவன் நான். எது மழை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் பார்த்த திட்டுகள் பெரும்பாலும் மழை அல்ல. தான் அனுப்பிய அலை எதில் பட்டுத் திரும்பி வந்தாலும் ரேடார் பதிவுசெய்துவிடும்.

சென்னைத் துறைமுகப் பகுதியில் இருப்பது சுமார் 10 செ.மீ. அலைநீளம் கொண்ட எஸ்-பேண்ட் ரேடார். அதன் அலை அரை டிகிரி சாய்வில் கிளம்பினால், 100 கி.மீ. தாண்டும்போது வழக்கமாக ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். காற்றில்லாத, தெளிவான இரவுகளில் கதை வேறு. கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்று, அதற்கு மேலே வெப்பமான உலர்காற்று என்று அடுக்கு படிந்தால், அலை கீழ்நோக்கி வளைந்து கடலைத் தொடுகிறது. கடலலைகளும் கப்பல்களும் அதை எதிரொலிக்கின்றன. வெயில் ஏறி அடுக்கு கலைந்ததும் திட்டுகளும் மறையும்.

கட்டடங்கள் நகராததால் வேகம் பூஜ்யமான எதிரொலியை வடிகட்டிவிடலாம். கடலலை அசைந்துகொண்டே இருப்பதால் வடிகட்டியிலிருந்து தப்பிவிடும். வடிகட்டியை இறுக்கினால், ரேடாரை நோக்கியோ விலகியோ போகாமல் குறுக்கே நகர்வதால் வேகம் பூஜ்யமாகத் தெரியும் உண்மையான மழையும் அழியும். அதனால்தான் இதை முழுக்கத் துடைப்பதில்லை.

நேர்க்கோடு விடியலில் கிழக்கிலோ மாலையில் மேற்கிலோ வந்தால் அது சூரியனின் நுண்ணலை. மற்ற நேரத்தில் வந்தால் ரேடியோ அலை பரப்பும் வேறொரு கருவியின் குறுக்கீடு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சென்னையின் எஸ்-பேண்ட் ரேடாரைவிட, அதே அலைவரிசையை ஒட்டி இயங்கும் சி-பேண்ட் ரேடார்களைத்தான் அதிகம் தொந்தரவு செய்யும். எப்படியானாலும் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல மழை பெய்யாது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு இடத்திலும் கிடைத்த மிக வலுவான எதிரொலியைக் காட்டும் மேக்ஸ் இசட் (Max Z) ரேடார் படத்தைத் திறந்து, மேலேயும் வலப்பக்கமும் உள்ள பட்டைகளைப் பாருங்கள். அவை உயரத்தைக் காட்டும். இடிமேகம் என்றால் 10 கி.மீ. தாண்டிக்கூட நிமிர்ந்து நிற்கும். போலி எதிரொலி தரையோடு ஒட்டிக்கிடக்கும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் வடகிழக்குப் பருவமழையில் இதை மட்டும் நம்ப வேண்டாம். அப்போது தாழ்ந்த மேகமே நன்றாகக் கொட்டும். அடுத்தடுத்த மூன்று நான்கு படங்களை ஒப்பிடுங்கள். திட்டு அதே இடத்தில் மின்னி மின்னி மறைந்தால் போலி. காற்றோடு கரையை நோக்கி நகர்ந்தால், பட்டையில் தாழ்வாகத் தெரிந்தாலும் ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.