டிரமடாலைக் குறைக்க வேண்டுமானால் மற்ற இரண்டையும் நேரம் தவறாமல் கொடுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 62, எடை 58 கிலோ. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். பாராசிட்டமால், செலிகாக்சிப், டிரமடால் மூன்றும் எழுதித் தந்திருக்கிறார்கள். இத்தனை மாத்திரை எதற்கு என்று, வலி தாங்க முடியாதபோது டிரமடாலை மட்டும் போட்டுக்கொள்கிறார். தலைசுற்றல், குமட்டல், மூன்று நாளாக மலச்சிக்கல். டிரமடாலைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். அம்மா ஒதுக்கிவைத்த இரண்டு மாத்திரைகள்தான் அதற்கு வழி. டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது மூளையில் வலி உணர்வை மங்கச் செய்யும், அபின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. அவருக்கு வந்திருக்கும் மூன்று தொந்தரவுகளும் அதன் வழக்கமான பக்கவிளைவுகள்.

மூன்று மருந்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. செலிகாக்சிப், வெட்டுப்பட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைக் குறைக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பகுதியில் வேலை செய்கிறது. இரண்டும் சேரும்போது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட வலி நன்றாக அடங்கும். ஓபியாய்டின் தேவையும் குறையும்.

ஆனால் வலி வந்த பிறகு போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. பாராசிட்டமால் நான்கைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். வலி ஏறிய பிறகு போடும் மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் கை டிரமடாலைத் தேடுகிறது. எனவே முதல் சில நாட்களுக்கு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சீட்டில் உள்ள அளவில் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, கல்லீரல் நோயோ மதுப் பழக்கமோ இருந்தாலோ உச்சவரம்பு இன்னும் குறையும். செலிகாக்சிப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒன்று. காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 என்று தாளில் எழுதி ஒட்டி, கொடுத்ததும் அடித்துவிடுங்கள்.

டிரமடால் இதற்கு மேலும் வலி மிஞ்சினால் மட்டும். பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒன்று போடுவது நல்ல உபயோகம். வலிக்குப் பயந்து காலை மடக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடும். உடற்பயிற்சி முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் பேக்கை 15 நிமிடம் வைத்தால் அடுத்த மாத்திரையைத் தள்ளிப்போடலாம்.

தவறு நடக்கும் இடங்கள் சில. டிரமடால் மாத்திரையின் அட்டையைப் பாருங்கள்: பலவற்றில் பாராசிட்டமாலும் 325 மி.கி. கலந்திருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தெரியாமலே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். செலிகாக்சிப்புடன் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைச் சேர்க்காதீர்கள். வலி அதிகமாகக் குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சிக்கலும்தான் கூடும். ரத்த அழுத்தத்துக்கு லோசார்டான், ராமிப்ரில் வகை மாத்திரையும் சிறுநீர் பெருக்கியும் சாப்பிடுபவர் என்றால், செலிகாக்சிப் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மாரடைப்பு, பக்கவாதம், வயிற்றுப் புண், சிறுநீரக நோய் முன்பு வந்திருந்தாலும் அப்படியே. வலிப்பு நோய்க்காரர்களுக்கும், மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்கும் டிரமடாலே ஆபத்தாகலாம். தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபாலின், மது இவற்றோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம்.

மலச்சிக்கலுக்கு சென்னா அல்லது லாக்டுலோஸ் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் போதாமல் நார்ச்சத்துப் பொடியை மட்டும் கொடுத்தால் அடைப்பு மோசமாகும். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

குறைக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் டிரமடால், பிறகு செலிகாக்சிப், கடைசியில் பாராசிட்டமால். பலரும் நேர்மாறாக, 'சாதாரண' மாத்திரையை முதலில் நிறுத்திவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். டிரமடாலைச் சில நாட்கள் மட்டும் எடுத்திருந்தால் அப்படியே நிறுத்தலாம். வாரக்கணக்கில் தினமும் எடுத்திருந்தால் மருத்துவர் சொல்படி படிப்படியாக.

நேரப்படி கொடுத்தும் வலி நாளுக்கு நாள் ஏறினால், காய்ச்சலோ புண்ணில் நீர்க்கசிவோ இருந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் கூடுதல் மாத்திரை கொடுத்துச் சமாளிக்காமல் அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் கிடந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.