சமையலறைக்கு ஆஃப் ஒயிட் அடிக்கப் போகிறோம். எந்த ஷேட் எடுக்கலாம்? மஞ்சள் கறை பட்டால் போகுமா?

தாராளமாக அடிக்கலாம். ஆனால் ஷேட் எது என்பதை உங்கள் டைல்ஸைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே வருடத்தில் இரண்டு முறை பெயின்ட் அடித்து நான் தெரிந்துகொண்ட விஷயம் இது.

எங்கள் சமையலறை தென்கிழக்கு மூலையில் இருக்கிறது, கிழக்கே ஒரு ஜன்னல். கறுப்பு கிரானைட் மேடை, அதற்கு மேலே இரண்டடி உயரத்துக்கு கிரீம் டைல்ஸ். சுவர் அப்போது பிஸ்தா பச்சை. கடையில் ஷேட் கார்டைப் புரட்டி, லேசாகச் சாம்பல் ஓடிய ஓர் ஆஃப் ஒயிட்டைப் பிடித்தேன். சும்மா எடுக்கவில்லை, சாம்பிள் டப்பா வாங்கிவந்து பழைய சுவரிலேயே ஒரு முழம் அகலத்துக்குத் தீற்றிப் பார்த்தேன். பாலாடை மாதிரி இதமாக இருந்தது. சரி என்று நாலு சுவரும் அடித்தாயிற்று. மறுவாரம் ஊரிலிருந்து வந்த அத்தை நிலைப்படியிலேயே நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, பிரைமரோட நிறுத்திட்டாங்களா?" என்றார்.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பல் கொஞ்சம் சிவப்பேறினாற்போலத் தெரியும். கண் செய்கிற வேலை அது. பச்சை முழுக்க மறைந்ததும் சாம்பல் தன் சுயரூபத்தைக் காட்டிவிட்டது. அதோடு போகவில்லை. அதுவரை ஒரு குறையும் இல்லாத கிரீம் டைல்ஸ், அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது போல ஆகிவிட்டது.

ஆஃப் ஒயிட் என்றாலே வெள்ளையில் ஒரு துளி ஏதோ கலந்ததுதான்: மஞ்சள், ரோஸ், பச்சை, சாம்பல். தனியாகப் பார்த்தால் எது என்று பிடிபடாது. ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பக்கத்தில் வையுங்கள், உடனே தெரிந்துவிடும். உங்கள் டைல்ஸ் மஞ்சள் ஓடிய கிரீம் என்றால் அதே மஞ்சள் பக்கம் உள்ள ஷேட் எடுங்கள், டைல்ஸை விட ஒரு படி வெளிறியதாக. டைல்ஸ் தூய வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் சாம்பல் ஓடியது பொருந்தும். கார்டில் பிடித்ததை விட ஒரு படி வெளிறியதை எடுப்பதும் நல்லது. நாலு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று எதிரொளிக்கும்போது எந்த நிறமும் கார்டில் இருப்பதை விடத் தூக்கலாகத்தான் தெரியும்.

சாம்பிளைச் சுவரில் அடிக்காதீர்கள். ஒரு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் டைல்ஸை ஒட்டி டேப் போட்டு நிறுத்துங்கள். காலை காபி போடும்போது, மதியம், இரவு லைட் போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். நம்மில் பலர் இருட்டிய பிறகுதானே அடுப்படியில் அதிக நேரம் நிற்கிறோம்! 6500 கெல்வின் (விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) எல்இடி டியூப் எந்த ஆஃப் ஒயிட்டையும் நீலம் பக்கம் இழுக்கும். 3000 கெல்வின் மஞ்சளாக்கிவிடும். நான் 4000-க்கு மாறினேன். இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டாவது பெயின்டிங் செலவு ஒருவேளை மிஞ்சியிருக்கும்.

இனி கறை. துடைத்துக் கழுவக்கூடிய எமல்ஷன், மெல்லிய பளபளப்பு உள்ளது, போதும். முழுப் பளபளப்பு என்றால் பட்டி பார்த்ததில் உள்ள மேடுபள்ளமெல்லாம் லைட் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். எனாமல் அடித்தால் துடைக்கச் சுலபம் என்று பெயின்டர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் எண்ணெய் கலந்த வெள்ளை எனாமல் நாள்பட மஞ்சளடிக்கும், அதுவும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வெளிச்சம் படாத இடத்தில் சீக்கிரமாக.

சாம்பார் தெறித்தால் உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். துணி சோப்பைத் தொடாதீர்கள். நான் தேய்த்தேன், மஞ்சள் புள்ளி குங்குமப் புள்ளியாகிவிட்டது. பயந்தே போனேன். ஆரத்தி கரைக்கிறோமே, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சங்கதி. சோப்பிலும் காரம் இருக்கிறது. அலசியதும் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது, ஆனால் தேய்த்த இடம் மட்டும் இன்னமும் பளபளக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் காலை வெயில் விழும் இடத்தில் பட்ட மஞ்சள் கறை நான் கை வைக்காமலே நாளடைவில் வெளிறிப் போனது. வெயில்படாத தாளிப்பு மூலையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதனால் அங்கே மட்டும் டைல்ஸை இன்னும் இரண்டடி ஏற்றிவிட்டோம்.

அடித்து முடித்ததும் மிச்ச பெயின்டை ஒரு சின்ன பாட்டிலில் இறுக மூடி வைத்து, ஷேட் எண்ணை மேலே எழுதி ஒட்டுங்கள். என்னுடையது அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.