வேர்டில் ஓர் அத்தியாயத்தின் ஹெட்டரை மாற்றினால் மற்ற அத்தியாயங்களிலும் மாறிவிடுகிறதே, எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் ஆய்வேடு சமர்ப்பிக்கப்போகிறவர் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். அத்தியாயத்துக்கு ஒரு ஹெட்டர் (பக்கத்தின் மேலோரத்தில் வரும் தலைப்பு வரி) வேண்டும் என்று கேட்டு என் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள்தாம். கல்லூரிச் சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சுக் கடை நடத்துகிறேன்.

'லிங்க் டு ப்ரீவியஸ்' பொத்தானை அணைத்துவிடுங்கள் என்று பலரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எந்த இடத்தில் அணைப்பது என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஒரு செக்ஷனின் (கோப்பில் தனி அமைப்பு கொண்ட பகுதியின்) ஹெட்டரை முந்தைய செக்ஷனோடு இணைப்பது அந்தப் பொத்தான்; அது பின்னால் வரும் செக்ஷனுக்கு உரியது. இரண்டாம் அத்தியாயத்தில் எழுதுவது மூன்றாவதிலும் போய் விழுகிறது என்றால், மூன்றாம் அத்தியாயத்தின் ஹெட்டருக்குள் நுழைந்து அங்கே அணைக்க வேண்டும். பிறகுதான் இரண்டாவதுக்குத் திரும்பிவந்து திருத்த வேண்டும். நான் எப்போதும் கடைசி அத்தியாயத்தில் தொடங்கிப் பின்னோக்கி வருவேன். ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலும் அணைத்து முடிக்கும்வரை ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

முதல் செக்ஷனில் பொத்தான் எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். பின்னால் உள்ள அத்தியாயங்களிலும் அது மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் உங்கள் கோப்பில் செக்ஷனே பிரிக்கப்படவில்லை என்று பொருள். கன்ட்ரோல் என்டர் அடித்து அடுத்த பக்கம் போயிருப்பீர்கள். அது வெறும் பேஜ் பிரேக்; பக்கத்தை மாற்றும், செக்ஷனைப் பிரிக்காது. லேஅவுட், பிரேக்ஸ், அதில் 'செக்ஷன் பிரேக்ஸ்' தலைப்பின் கீழுள்ள 'நெக்ஸ்ட் பேஜ்' தான் வேண்டும். பக்கத்தின் அடியில் வரும் ஃபுட்டருக்கு இந்த இணைப்பைத் தனியாக அணைக்க வேண்டும். 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' போட்டிருந்தால் முதல் பக்க ஹெட்டருக்கும் தனி. பக்க எண் ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒன்றிலிருந்து தொடங்கினால் அதற்கும் இந்தப் பொத்தானுக்கும் தொடர்பில்லை. எண் அமைப்பு செக்ஷனோடு போவது. முதல் அத்தியாயத்துக்கு மட்டும் 'ஸ்டார்ட் அட்' 1, மற்றவற்றுக்கு 'கன்டின்யூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்ஷன்'.

இத்தனை விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2017இல் ஒரு தமிழ்த்துறை மாணவரின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். முகப்புப் பக்கங்களுக்கு ரோமன் எண், ஐந்து அத்தியாயங்களுக்கும் அதனதன் தலைப்பு, மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் நான்கு பக்கம் அகலவாட்டில் அட்டவணை. எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோப்பை வாங்கிக்கொண்டுபோய் நெறியாளர் சொன்ன திருத்தங்களை அவரே இரண்டு நாள் உட்கார்ந்து செய்தார். மூன்றாம் நாள் இரவு எட்டரை மணிக்குக் கடை வாசலில் வந்து நின்றார். மறுநாள் மாலைக்குள் ஐந்து படிகள் பைண்டிங் முடிந்து அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கோப்பைத் திறந்தேன். மூன்றாம் அத்தியாயத்தின் ஐம்பத்தெட்டுப் பக்கங்களும் படுத்துக் கிடந்தன. தாள் அகலவாட்டில் திரும்பி, வரிகள் பக்கம் முழுக்க நீண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் 'அட்டவணை' என்ற சொல். “அக்கா, நான் ஒரு காலிப் பக்கத்தைத்தான் அழித்தேன்” என்றார். அட்டவணைக்கு முன்னால் எப்படியோ ஒரு வெற்றுப் பக்கம் விழுந்திருக்கிறது. அங்கே கர்சரை வைத்து டிலீட்டை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தோடு செக்ஷன் பிரேக்கும் போய்விட்டது.

பத்திக்குறிகளைக் காட்டச் செய்தால் (கன்ட்ரோல், ஷிஃப்ட், 8) செக்ஷன் பிரேக் இரட்டைப் புள்ளிக்கோடாகத் தெரியும். அதற்கு மேலே இருக்கும் பகுதியின் தாள்வாட்டம், ஓரம், ஹெட்டர், பக்க எண் எல்லாம் அந்தக் கோட்டில்தான் அடங்கியிருக்கின்றன. கோட்டை அழித்தால் மேற்பகுதி கீழ்ப்பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். நான்கு பக்க அட்டவணைக்குச் செய்த அமைப்பு ஐம்பத்தெட்டுப் பக்கங்களின் மேல் ஏறியது இப்படித்தான். அவர் சேமித்து மூடியும் விட்டதால் அன்டூ கிடையாது. என்னிடம் இருந்த பழைய நகலில் இரண்டு நாள் திருத்தங்கள் இல்லை.

அந்த நேரம் பார்த்து நெறியாளர் அழைத்தார். “வேலை தெரியாதவரிடம் ஏன் கொடுத்தீர்கள்?” என்று அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

அட்டவணைக்கு முன்னால் புதிதாக ஒரு செக்ஷன் பிரேக் போட்டேன். அட்டவணையின் ஹெட்டருக்குள் போய் இணைப்பைத் துண்டித்தேன், ஃபுட்டரிலும் துண்டித்தேன். பிறகு மேலே வந்து மூன்றாம் அத்தியாயத்தை நெட்டுவாட்டுக்குத் திருப்பி, தலைப்பை அடித்து, பக்க எண்ணைத் தொடரவிட்டேன். கால்மணி நேர வேலைதான். ஆனால் ஐந்து அத்தியாயங்களையும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து பிடிஎஃப் ஆக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

தலைப்புகளுக்கு வேர்டிலேயே உள்ள ஹெடிங் ஸ்டைல் என்ற வடிவத்தைப் போட்டு, அந்தத் தலைப்பைத் தானே எடுத்துக் காட்டும் 'ஸ்டைல்ரெஃப்' ஃபீல்டை ஹெட்டரில் வைத்தால் அத்தியாயத் தலைப்பு தானாக மாறுமே, இத்தனை செக்ஷன் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். சரிதான், எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் வரும் கோப்புகளில் தலைப்பு என்பது எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிய ஒரு வரி, அவ்வளவே. அந்த ஃபீல்டு பற்றிக்கொள்ள அங்கே ஸ்டைல் இருக்காது. லேடெக்ஸ் (ஆய்வேடு வடிவமைக்கும் இன்னொரு மென்பொருள்) என்று சொல்ல வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். நெறியாளர் வேர்டில் திருத்தம் கேட்கிறார் என்றால் வேர்டில்தான் கொடுக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றும்போது கன்ட்ரோல் ஏ அடித்து நகலெடுப்பீர்கள். அது ஹெட்டரையும் ஃபுட்டரையும் தொடாது. உள்ளே தமிழ் அழகாக மாறியிருக்க, பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கத்தின் தலையில் மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிற்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணையிட்டது. இன்னும் பாமினியில் அடித்துத் தரச் சொல்லி வருகிறார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டின் நன்றியுரையை நான்தான் அடிக்கிறேன். நூலகர், விடுதித் தோழர்கள், உறவினர் என எல்லார் பெயரும் இருக்கும். இருக்க வேண்டியதுதான். ஆனால் நள்ளிரவுவரை உடன் உட்கார்ந்து பக்கத்தை நிமிர்த்தித் தந்தவர்களுக்கு ஒரு வரி எழுதினால் ஆய்வின் மதிப்பு குறைந்துவிடுமா? நான் அடித்த நூற்றுக்கணக்கான ஏடுகளில் என் பெயர் இருப்பது மூன்றில். அந்த மூன்றையும் கடையில் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இப்போது உங்கள் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, ஹெட்டர் பகுதியில் இருமுறை சொடுக்குங்கள். இடப்பக்கம் 'ஹெட்டர் செக்ஷன் 3' என்பதுபோல ஓர் எண்ணும், வலப்பக்கம் 'சேம் அஸ் ப்ரீவியஸ்' என்ற சொற்களும் தெரியும். அந்தச் சொற்கள் எந்தெந்த செக்ஷனில் இருக்கின்றன என்று குறித்து அனுப்பினால், எங்கே துண்டிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.