சேற்று மின்கலத்துக்குச் சாயம் சேர்க்கலாமா?

கேள்வி: கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் மெஷினிலிருந்து வழியும் சேற்றை எங்கள் மாணவர்கள் வாளியில் நிரப்பி, சேற்றுக்குள் ஒரு கரித்துணியும் (கார்பன் இழைத் துணி) மேல்மட்டத்தில் ஒரு கரித்துணியும் வைத்து பாக்டீரியாக்களிடமிருந்து மின்சாரம் பெறும் நுண்ணுயிர் மின்கலம் செய்தார்கள். மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைச் சேர்த்ததும் மின்னோட்டம் கூடியது. தண்ணீரை மாற்றியதும் இறங்கிவிட்டது. சாயத்தைத் தொடர்ந்து சேர்க்கலாமா? சதுப்புக் கரிமண்ணும் அதே வேலையைச் செய்யுமா?
– பள்ளி ஆசிரியர் ஒருவர், கோத்தகிரி

பதில்: தொடர்ந்து சேர்க்க வேண்டாம். ஆயினும் மாணவர்கள் கண்ட விளைவு உண்மையானது. அதன் காரணத்தை அவர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

பெரும்பாலான பாக்டீரியாக்களின் உறை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், உணவைச் சிதைக்கும்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. மெத்திலீன் நீலம் பரிசலைப் போல உறையைக் கடந்து சென்று, எலக்ட்ரான்களை ஏற்று நிறமிழந்து, கரித்துணியில் அவற்றை இறக்கிவிட்டு மீண்டும் நீலமாகிறது. ஒரே மூலக்கூறு இப்படிப் பலமுறை சென்றுவரக்கூடியது. தண்ணீரை மாற்றும்போது அதுவும் வெளியேறிவிடுவதால்தான் மின்னோட்டம் இறங்கியது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஹைட்ரஜன் மின்முனையை அளவுகோலாகக் கொண்டு, அமில காரத் தன்மையற்ற நீரில் அளந்தால், மெத்திலீன் நீலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.01 வோல்ட். மேல் துணியில் எலக்ட்ரான்களை ஏற்கும் ஆக்சிஜனுக்குக் கோட்பாட்டளவில் 0.82 வோல்ட் என்பதால், மெத்திலீன் நீலத்தின் வழியே கிடைக்கக்கூடிய உச்ச அழுத்தம் சுமார் 0.8 வோல்ட்தான், நடைமுறையில் அதைவிடக் கணிசமாகக் குறையும். ஆகவே மின்னோட்டம் கூடும்போதே அழுத்தத்தின் உச்சவரம்பு தாழக்கூடும். மாணவர்கள் இரண்டையும் தனித்தனியே அளக்கட்டும்.

சேற்றிலேயே இயற்கையான வழிகளும் இருக்கின்றன. ஷிவானெல்லா என்னும் பாக்டீரியா, வைட்டமின் பி2 ஆகிய ரிபோஃபிளேவினைத் தானே சுரந்து இதே பணிக்குப் பயன்படுத்துகிறது. ஜியோபாக்டர் என்னும் பாக்டீரியாவோ மின்முனையான கரித்துணியில் ஒட்டி வளர்ந்து நேரடியாகவே எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. நாள்பட மண்ணில் இத்தகையவை பெருகினால் சாயத்தின் தேவையே குறைந்துவிடும்.

கரிமண் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதும் சரியே. மட்கிய தாவரப் பொருளில் உள்ள ஹியூமிக் சேர்மங்கள் பாக்டீரியாக்களிடமிருந்து எலக்ட்ரான்களை ஏற்று வேறு பொருளுக்குக் கொடுக்கும் என்பதை 1996-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லியும் அவருடைய குழுவினரும் வெளிப்படுத்தினர். ஆனால் நீலகிரிச் சோலைகளுக்கு இடையிலுள்ள சதுப்புகளின் கரிமண் சில இடங்களில் 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. அதில் ஒரு கைப்பிடிகூட எடுக்கலாகாது. நன்கு மட்கிய தோட்ட உரத்தை நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாறே சோதனைக்குப் போதுமானது.

எதைச் சேர்ப்பதற்கு முன்னும், மேல் துணியின் பரப்பை மட்டும் இருமடங்காக்கிப் பாருங்கள். மின்னோட்டம் கணிசமாக உயர்ந்தால் தடை அங்கேதான் இருக்கிறது. அப்படியானால் சேற்றில் எந்தச் சேர்மத்தைக் கலந்தாலும் பெரிய பயனிராது. மார்கழிக் குளிரில் பாக்டீரியாக்களின் வேகம் குறைவதையும் சாயம் ஈடுசெய்யாது. சாயம் சேர்க்காத வாளி ஒன்றை அருகிலேயே வைத்து ஒப்பிடுங்கள். சாயம் கலந்த நீரை ஓடையில் கொட்டாமல் தனிக் கலத்தில் சேகரியுங்கள்.